குடுவைச் செடி வாங்கும் முன் உங்கள் ஊர் ராத்திரியைக் கவனியுங்கள்

என் பால்கனிக்கு வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘இது நிஜமாகவே ஈ சாப்பிடுமா?’ என்பதுதான். சாப்பிடும். எறும்பு, கரப்பான் குஞ்சு, ஒருமுறை பல்லிக் குட்டிகூட உள்ளே கிடந்தது. அடுத்த கேள்வி, ‘எனக்கும் ஒன்று வேண்டும், எங்கே கிடைக்கும்?’ அதற்கு நான் திருப்பிக் கேட்பேன்: மே மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு பால்கனியில் எத்தனை டிகிரி இருக்கும்? முழிப்பார்கள். எனக்கும் அது தெரியாமல்தான் முதல் மூன்று செடிகளைக் கொன்றேன்.

முதல் செடிக்குச் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து, ரோஜாவுக்கு வைப்பதுபோல் ராஜ மரியாதையாக வைத்தேன், மூன்று வாரத்தில் கருகியது. இரண்டாவதைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் உட்கார வைத்தேன், ஏனென்றால் எங்கேயோ அப்படித்தான் படித்திருந்தேன். அந்தக் குறிப்பு அமெரிக்கச் சதுப்பு நிலத்துக் குடுவைச் செடியான சரசீனியாவுக்கு எழுதப்பட்டது என்று பிறகுதான் புரிந்தது. அது வேறு குடும்பம், தரையிலிருந்து புனல் மாதிரி நிமிர்ந்து வளரும், குளிர்காலத்தில் உறங்கும், தண்ணீரில் நிற்பது அதற்குப் பிடிக்கும். நாம் பேசுவது நெப்பந்தஸ். இலை நுனியிலிருந்து ஒரு பற்றுக்கம்பி நீண்டு, அதன் முனையில் குடுவை தொங்கும் கொடி. இதன் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் முக்கியம், தட்டுத் தண்ணீரில் வைத்தால் அழுகும்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு மலைகளில் வளரும் ஹமாட்டா என்ற இனம். குடுவையின் வாய் முழுக்க வளைந்த கொக்கிப் பற்கள், படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு வாங்கினேன். தண்ணீர், மண் கலவை, நிழல் எல்லாமே இந்த முறை சரி. ஆனாலும் ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சின்னதாக வந்தது. கட்டைவிரல் அளவு, சுண்டுவிரல் அளவு, கடைசியில் ஒரு அரிசி அளவுக்கு. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் செடியும் முடிந்தது. சென்னைப் புறநகரில் மே மாத ராத்திரி 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது, அந்தச் செடிக்கு வேண்டியது 15.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மலைமேலா, கீழேயா

நெப்பந்தஸில் 170-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம். மேற்கே மடகாஸ்கர், செஷல்ஸ் வரை ஒன்றிரண்டு சிதறிக் கிடக்கின்றன. இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளில் டிஸ்டிலடோரியா என்ற இனம் உண்டு, அது உலகில் வேறெங்கும் கிடையாது, சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். செடிகளுக்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1737-இல் நெப்பந்தஸ் என்று பெயர் வைத்தது இந்த இலங்கைச் செடியை மனதில் வைத்துத்தான். கிரேக்கக் காப்பியத்தில் துயரத்தை மறக்கடிக்கும் ஒரு மருந்துக்கு அந்தப் பெயர். என் ஹமாட்டா செத்த வாரம் இதைப் படித்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வளர்க்கிறவர்கள் இந்த இனங்களை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டருக்குக் கீழே வளர்பவை தாழ்நில வகை. அதற்கு மேலே வளர்பவை மலை வகை. இரண்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கொஞ்சம் அனுசரித்துப் போகிற ஒரு கூட்டமும் உண்டு. தாழ்நில வகைக்குப் பகலில் 30-ஐ ஒட்டியும் ராத்திரி 21 முதல் 25 வரையும் இருந்தால் சுகம், அதற்கு மேல் நான்கைந்து டிகிரி ஏறினாலும் தாங்கும். மலை வகைக்குப் பகலில் 20 முதல் 28, ராத்திரி கட்டாயம் 10 முதல் 15. பகல் வெயிலை ஏதோ சமாளித்துவிடும், ராத்திரி இறங்கவில்லை என்றால்தான் பிரச்சினை. பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் சூடான ராத்திரியில் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும், வளர்ச்சிக்கு மிச்சம் இருக்காது. நாள்தோறும் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவது மாதிரிதான், சில மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

ஆக, ஊரைப் பொறுத்து இப்படி யோசிக்கலாம். சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோரம் என்றால் தாழ்நில வகை, வேறு பேச்சே வேண்டாம். கோவை, ஓசூர், பெங்களூரு என்றால் நடுத்தரக் கூட்டம் நன்றாக வரும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், நுவரெலியா, கேமரன் மலை ஆட்கள்மீது எனக்குப் பொறாமை. மற்றவர்கள் குளிர்பெட்டியும் ஏசியும் வைத்து வளர்க்கிற மலை வகையை நீங்கள் சன்னலோரத்தில் வைத்து வளர்க்கலாம் (ஊட்டியில் மட்டும் உறைபனி விழும் ராத்திரிகளில் உள்ளே எடுத்து வையுங்கள்). மதுரை, திருச்சி, வேலூர் ஆட்களுக்கு வெப்பத்தைவிட வறட்சிதான் எதிரி, அதற்குக் கீழே வழி சொல்கிறேன்.

பத்து, இருபது டிகிரி கணக்கை எல்லாம் நம்பாமல், முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும், குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, செடி வைக்கப் போகிற அதே இடத்தில் ஒரு வாரம் தொங்க விடுங்கள். ஈரப்பதமும் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் நல்லது. செடியைவிட முதலில் இதை வாங்க வேண்டும் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

எதை வாங்குவது

முதல் செடி வென்ட்ராட்டாவாக இருக்கட்டும். நர்சரிகளில் ‘பிட்சர் பிளான்ட்’ என்று பெயரே இல்லாமல் தொங்கவிட்டு விற்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பு. சூடு, குளிர், மறதி எல்லாவற்றையும் தாங்கும். அரிய செடிதான் வேண்டும் என்று வந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். இருந்தாலும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் இதோடு கழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், உங்கள் தப்புகளுக்கு இது மலிவான பலி.

அடுத்த படி, ஆம்புலாரியா. கடலோரத்துக்கு இதைவிட நல்ல செடி இல்லை என்பது என் கட்சி. சட்டி மாதிரி உருண்டையான குடுவைகள் மண்ணை ஒட்டிக் கூட்டமாக வரும், மூடி பின்னால் மடங்கி, வாய் ஆவென்று திறந்திருக்கும். ஏன் திறந்திருக்கிறது என்றால், காட்டில் மரத்திலிருந்து உதிரும் சருகைப் பிடித்து அதிலிருந்தும் சத்து எடுக்கிறது. கிட்டத்தட்டச் சைவம் என்று சொல்லலாம். மலாயில் குடுவைச் செடிக்குப் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை, என்று பெயர். இந்தக் குடுவைகளில் பசையரிசியும் தேங்காய்ப் பாலும் இட்டு அவித்து விற்பார்கள், மலேசியாவில் இருக்கிற நம் ஆட்கள் சாப்பிட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் இன்னும் காடாகவே இருக்கிற சில இடங்களில் இது தானாக வளர்கிறது, அதோடு ராஃப்லேசியானாவும் கிராசிலிஸும். இந்த மூன்றும் சென்னைக் காற்றில் சாதாரணமாக வரும்.

பைகல்கராட்டா போர்னியோவின் சதுப்புக் காட்டுச் செடி, மூடிக்கு அடியில் இரண்டு கோரைப் பற்கள். காட்டில் இதன் பற்றுக்கம்பி வீங்கி உள்ளே காலியாக இருக்கும், அதில் ஒரு வகை எறும்பு குடியிருக்கும், குடுவைத் தண்ணீருக்குள் நீந்தி இரையை இழுத்து வந்து தின்னும், மிச்சம் மீதி செடிக்கு. நம் வீட்டில் அந்த எறும்பு கிடையாது, அது இல்லாமலும் செடி நன்றாகவே வளரும். ஆனால் இடம் கேட்கும். நன்றாக வளர்ந்தால் ஒரு இலையே முழங்கை நீளம் தாண்டும். குளிர் ஆகாது, அதனால் பெங்களூருவில் டிசம்பரில் வாடிப் போகும்.

சரி, அரிது என்று சொல்லத்தக்கவை? தாழ்நிலத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று நார்தியானா. போர்னியோ தீவின் மலேசியப் பகுதியான சரவாக்கில் பாவு வட்டாரச் சுண்ணாம்புப் பாறைகளில் மட்டும் வளர்வது. மரியான் நார்த் என்ற ஓவியர் 1876-இல் சரவாக் போனபோது இதை வரைந்தார், அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் இப்படி ஒரு செடி இருப்பதே இங்கிலாந்தில் தெரிந்தது, அவர் பெயரையே வைத்தார்கள். ரொம்ப மெதுவாக வளரும். இடமாற்றினால் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். இன்னொன்று கம்பானுலாட்டா, உள்ளங்கைக்குள் அடங்குகிற செடி, மணி வடிவக் குடுவை. முதலில் கண்டுபிடித்த இடம் 1980-களின் காட்டுத்தீயில் அழிந்துபோய், இனமே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1997-இல் சரவாக்கின் முலு பகுதிப் பாறைச் சரிவுகளில் திரும்பக் கிடைத்தது. அதன்பின் திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் செடியின் சின்னத் துணுக்கிலிருந்து பெருக்கி, இன்று ஆசைப்படுகிற யாரும் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. சின்ன மீன்தொட்டியில் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

நடுத்தர ஊர்களுக்கு வென்ட்ரிகோசா, சாங்குவினியா, மாக்சிமா. ட்ருங்கட்டாவும் நல்லது, இதய வடிவ இலை, அரை அடி தாண்டும் குடுவை. ஆனால் அதில் தாழ்நிலத்திலிருந்து வந்தது, மலையிலிருந்து வந்தது என்று இரண்டு உண்டு, எது என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

ராஜாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நெப்பந்தஸ் ராஜா, சபா மாநிலத்தின் கினபாலு மலையிலும் பக்கத்து தம்புயுக்கோன் மலையிலும் மட்டும் இருப்பது, ஹியூ லோ என்பவர் 1858-இல் எடுத்து வந்தார். பெரிய குடுவையில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். எல்லோருக்கும் கனவுச் செடி. கடலோரத்தில் இருப்பவர்கள் அதைக் கனவோடு விட்டுவிடுவது காசுக்கும் செடிக்கும் நல்லது.

எங்கிருந்து வாங்கக் கூடாது

நம் நாட்டில் ஒரே ஒரு இனம் உண்டு, காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகள். காரோ மக்கள் மேமாங் கோக்சி என்பார்கள், பேயின் கூடை என்று பொருள். தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் இந்தச் செடிக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அரிய உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இது இருக்கிறது, ராஜாவும் அதே பட்டியல்தான், மற்ற எல்லா நெப்பந்தஸும் இரண்டாம் பட்டியல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலும் காசியானா பாதுகாக்கப்பட்ட செடி. காட்டிலிருந்து பிடுங்குவது மட்டுமில்லை, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும்கூடக் குற்றம். நம்ம ஊர்ச் செடி, நம்ம ஊர் வெயிலுக்குப் பழகியது என்று ஆசை காட்டி யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் தாவர நோய்த்தடுப்புச் சான்று, இறக்குமதி அனுமதி, சைட்டிஸ் காகிதம் எல்லாம் வேண்டும். நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம், ஏற்கெனவே முறைப்படி தருவித்து இங்கே வைத்து வளர்த்து விற்பவர்களிடம் சின்ன செடியாக வாங்குவது உத்தமம். இலங்கை மலையகத்திலேயே திசு வளர்ப்புச் செடிகளை உலகம் முழுக்க அனுப்பும் பண்ணை இருக்கிறது, இங்கே புழங்குகிற நல்ல செடிகளில் பல அந்த வழியில் வந்தவை.

காட்டில் பிடுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டை மாதிரி தடித்த பழைய தண்டு, வேர் கொஞ்சம் அல்லது இல்லவே இல்லை, இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளும் பாசியும், விலை மட்டும் சந்தேகப்படும்படி குறைவு. இப்படி வந்தவை பெரும்பாலும் பிழைக்காது, அதோடு ஒரே மலையில் மட்டும் வாழ்கிற இனங்களை இந்த வியாபாரம்தான் காலி செய்கிறது. திசு வளர்ப்புச் செடி சின்னதாக, சுத்தமாக, ஒரே அளவில் இருக்கும், உங்கள் வீட்டிலேயே பெரிதாகிப் பழகும்.

விதையும் வேண்டாம். நீலக் குடுவை, வானவில் குடுவை என்று படம் போட்டு இணையத்தில் விற்கிறார்களே, வரும் பொட்டலத்தில் கடுகு மாதிரியோ தக்காளி விதை மாதிரியோ ஏதோ இருக்கும். நெப்பந்தஸ் விதை மயிரிழை மாதிரி, நடுவில் ஒரு சின்னப் புடைப்போடு இருக்கும். அசல் விதையே கிடைத்தாலும் சில மாதங்களுக்குள் முளைப்புத் திறன் போய்விடும், முளைத்ததும் குடுவை பெருத்துப் பார்க்க ஆண்டுகள் ஆகும்.

தண்ணீர்

இதில்தான் நிறைய செடிகள் சாகின்றன. இந்தச் செடிகள் மழை கழுவிக் கழுவிச் சத்தே இல்லாமல் போன மண்ணில் வளர்ந்தவை, அதனால்தான் பூச்சி பிடிக்கவே ஆரம்பித்தன. உப்புத் தண்ணீர் ஊற்றினால் வேர் எரிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா மாதிரி இருக்கும், முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 50-க்குக் கீழே காட்டினால் நல்லது, 100 வரை சமாளிக்கலாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது, அதில் சோறு வடித்தாலே பாத்திரத்தில் வெள்ளை படியும். காய்ச்சினால் உப்பு போகும் என்று சிலர் நினைக்கிறார்கள், தண்ணீர் வற்றி உப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

மழைத் தண்ணீர்தான் முதல் தரம். வடகிழக்குப் பருவமழையில் முதல் மழையை விட்டுவிட்டு, மாடி கழுவிப்போன பிறகு டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி மூடி வையுங்கள், இரண்டு மூன்று மாதம் ஓடும். அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர், ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். இப்போது வருகிற வீட்டு மெஷின்களில் ருசிக்காக உப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள், எங்களுடையது 130 காட்டியது. மெஷினைப் பார்க்க வந்தவரிடம் சொல்லித் திருகைக் குறைத்து 40-க்குக் கொண்டுவந்தேன். குடிக்கிற தண்ணீர் ருசியே இல்லை என்று வீட்டில் ஒரு மாதம் திட்டு வாங்கி, கடைசியில் திருகைப் பழையபடி வைத்துவிட்டு ஏசி தண்ணீருக்கு மாறினேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, டி.டி.எஸ். இருபதுக்குள்தான் இருக்கும். கோடையில் மழை இல்லாதபோதுதான் அது வாளி வாளியாக வரும், கணக்கு சரியாகிவிடும். சர்வீஸ் செய்த அன்றும், ரொம்ப நாள் கழித்துப் போட்ட அன்றும் வருகிற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் சோப்பும் அழுக்கும் இருக்கும்.

எவ்வளவு ஊற்றுவது என்றால், மேலிருந்து தாராளமாக ஊற்றி அடியில் ஓட விடுங்கள். அடுத்து எப்போது என்பதை விரல் வைத்துப் பார்த்து, தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடுகிற பாசியின் மேல்பகுதி சற்றே உலர ஆரம்பிக்கும்போது ஊற்றினால் போதும். சென்னைக் கோடையில் தினமும் தேவைப்படும், அடைமழை நாட்களில் நான்கு நாளைக்கு ஒருமுறைகூட வேண்டியிராது. இன்னொன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் அம்மா, ‘பாவம்டா, வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது’ என்று அரிசி கழுவின தண்ணீரை ஒவ்வொரு குடுவையிலும் ஊற்றியிருந்தாள். வந்து பார்த்தபோது பதினொரு குடுவையும் புளித்த வாடையோடு கறுத்துப் போயிருந்தன. செடி பிழைத்தது. அதன்பின் தொட்டிகளில் ‘ஊற்றாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மண் இல்லாத மண்

தோட்ட மண், செம்மண், எரு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எதுவும் கூடாது. நீள இழை ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைத் துகள்) சமமாகக் கலந்தால் போதும், அதுதான் ஆகப் பாதுகாப்பான கலவை. பெர்லைட்டை நனைத்துவிட்டு எடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பாசி விலை கடிக்கிறது என்றால் பாதிக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்க்கலாம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. வாளியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, கொட்டுகிற தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். என் வாளியில் முதல் நாள் அறுநூறைத் தாண்டியது, ஒரு வாரத்தில் இறங்கி வந்தது. பாக்கெட்டில் ‘கழுவியது’ என்று போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை. மரக்கரித் துண்டு கொஞ்சம் போட்டால் காற்றோட்டத்துக்கு நல்லது.

தொட்டி பிளாஸ்டிக்காக, ஓட்டை நிறைய உள்ளதாக இருக்கட்டும். கலவையை அமுக்கி நிரப்பாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாசி மக்கிப் போகும்போது மாற்றுங்கள். மாற்றும்போது வேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நெப்பந்தஸ் வேர் ஆரோக்கியமாக இருக்கும்போதே கறுப்புதான், மெல்லியதாக, தொட்டால் ஒடிகிற மாதிரி இருக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து நல்ல வேரையெல்லாம் வெட்டித் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுகிய வேர் கொழகொழவென்று இருக்கும், நாறும்.

வெளிச்சமும் ஈரப்பதமும்

கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம், அதன்பின் பிரகாசமான நிழல். மொட்டை மாடி என்றால் 50 சதவீத நிழல்வலை, ஏப்ரல், மே மாதங்களில் இரட்டையாக. இலை லேசாகச் சிவந்தால் வெளிச்சம் போதுமான அளவுக்கு இருக்கிறது என்று பொருள், காகிதம் மாதிரி வெளுத்துக் கருகினால் அதிகம். நீளமாக, கரும்பச்சையாக, தளதளவென்று இலை விட்டுக் குடுவை மட்டும் வரவில்லை என்றால் இருட்டில் வைத்திருக்கிறீர்கள். பார்க்க ஆரோக்கியமாகத் தெரிவதால் இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

குடுவை வராததற்கு இன்னொரு காரணம் வறட்சி. பற்றுக்கம்பி முனையில் பட்டாணி அளவு மொட்டு வந்து, அப்படியே பழுப்பாகிக் காய்ந்துவிடும். 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு, கடலோரத்தில் தானாகவே இருக்கும். மதுரை, திருச்சிக் கோடைப் பகலில் அது பாதியாகிவிடும். அதற்கு, பழைய மீன்தொட்டி ஒன்றை எடுத்து, அடியில் கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, கல்லுக்கு மேல் தண்ணீர் தொடாமல் செடியை வைத்து, மேல்பக்கம் முக்கால்வாசி மூடுங்கள். நேர் வெயிலில் வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் செடி வெந்துபோகும். மேலே 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம். பழைய கம்ப்யூட்டரின் சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாக ஓடினால் பூஞ்சை வராது. நாள் முழுக்க ஸ்பிரே அடிப்பது கைக்குத்தான் வேலை, அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

புதிதாக வந்த செடிக்கு இது இன்னும் முக்கியம். கூரியரில் குலுங்கி வந்த செடியின் பழைய குடுவைகள் ஒன்றொன்றாகக் காயும், அது போகட்டும். உள்ளிருந்த நீர் கொட்டியிருந்தால் கால் பங்கு சுத்தமான தண்ணீர் விடுங்கள், கொட்டாமல் வந்திருந்தால் தொடவே வேண்டாம், அது செடி தானே சுரந்த ஜீரண நீர். நாலைந்து ஓட்டை போட்ட பாலிதீன் பைக்குள் வைத்து, இரண்டு வாரம் கழித்து வாரம் ஒரு ஓட்டையாகக் கூட்டி, ஐந்தாறு வாரத்தில் பையை எடுத்துவிடலாம். உங்கள் வீட்டில் விட்ட புது இலை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

சோறு போடுவது

பால்கனியில் வைத்தால் எறும்பு தானாக வந்து விழும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். குடுவையின் விளிம்பில் தேன் மாதிரி சுரக்கும், ஈரமானால் அந்த விளிம்பு வழுக்கும், கதை முடிந்தது. மீன்தொட்டிக்குள் இருக்கிற செடிக்கு மட்டும் மாதம் ஒருமுறை, வளர்ப்பு மீன் கடையில் விற்கும் உலர்ந்த ரத்தப்புழுவில் ஒரு சிட்டிகையை இரண்டு மூன்று குடுவைகளில் போடலாம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் போடும் மெதுவாகக் கரையும் உர உருண்டையில் ஒன்றை ஒரு வளர்ந்த குடுவைக்குள் போடுவதும் உண்டு, நான் அதைத்தான் செய்கிறேன். தொட்டியில் போடாதீர்கள். ஆம்புலாரியாவுக்குக் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போடுவேன். கோழித் துண்டு, முட்டை, பால், தயிர் எதுவும் வேண்டாம், செரிக்காமல் அழுகி நாறும்.

எறும்பால் ஒரு தொல்லையும் உண்டு. தேனுக்கு வருகிற எறும்பு மாவுப்பூச்சியையும் கொண்டுவந்து தண்டின் இடுக்கில் குடிவைக்கும். வாரம் ஒருமுறை இலைக்கு அடியில் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே போதும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை இந்தச் செடிகள் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

வெட்டி வைப்பது

இரண்டு மூன்று வருடத்தில் செடி கொடியாக ஏற ஆரம்பிக்கும், மேலே வருகிற குடுவை மெலிந்து வேறு வடிவத்தில் இருக்கும், சில இனங்களில் இரண்டும் ஒரே செடியா என்று சந்தேகமே வரும். கீழே மறுபடி குட்டையான கொத்து வேண்டுமென்றால் கொடியை வெட்டுங்கள், அடியிலிருந்து புதுத் தளிர் வரும். வெட்டியதை இரண்டு மூன்று கணு வரும்படி துண்டாக்கி, இலையைப் பாதியாக நறுக்கி, ஈரப் பாசியில் சொருகி, பாலிதீன் பை போட்டு மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். இடையில் இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. நான் பார்ப்பேன், நீங்கள் செய்யாதீர்கள்.

வெட்டிய அன்றே பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிச் சொருகிவிடுங்கள், பேனா மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும். இந்தச் செடிகளில் ஆண் தனி, பெண் தனி, பூத்தால்தான் எது என்று தெரியும். அதனால் எந்தத் தாய்ச் செடியின் துண்டு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் ஜோடி சேர்க்கலாம் என்று நினைத்து ஒரே ஆண் செடியையே நாலு தொட்டியில் வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். என் வாசல் பக்கம் தொங்குகிற ஒன்றின் அட்டையில் ‘ராஃப்’ என்ற எழுத்து மட்டும் மிச்சம் இருக்கிறது, மூன்று வருடமாகிறது, இன்னும் பூக்கவில்லை.